கர்ப்: நிறுத்துவதா, திருப்புவதா?

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் தென்காசிப் பக்கத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. ஆகவே குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது என்பதே அது. வெள்ளம் தணிந்ததும் தடை நீங்கும். கூட்டம் மிகுந்த நாள்களில் மக்கள் வரிசையில் நிறுத்தப்பட்டுப் பகுதி பகுதியாக அருவிக்கு அனுப்பப்படுவர். முன்னது தடை, பின்னது ஒழுங்கு. ஆனால், இவ்விரண்டையும் ஆங்கில நாளிதழின் தலைப்பு ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடக்கூடும். 'கர்ப்' என்பது அச்சொல். நான்கே எழுத்து, தலைப்பின் குறுகிய இடத்துக்கு வாகானது.

அதைத் தமிழில் தருவோர் பெரும்பாலும் 'தடை' அல்லது 'கட்டுப்பாடு' என்று எழுதுகின்றனர். வரிசை முறை மட்டுமே நடப்பில் இருக்கும் நாளில் 'குளிக்கத் தடை' என்று செய்தி பரவினால், வெளியூரில் பேருந்துக்குக் காத்திருப்பவர் பயணத்தைக் கைவிடுவார். சாரல் காலத்தின் சில மாதங்களை நம்பிக் கடை விரித்திருக்கும் சிறு வணிகரும் அன்றைய வருவாயை இழப்பார். மாறாக, வெள்ளத்துக்காக விதித்த முழுத் தடையைக் 'கட்டுப்பாடு' என்று மென்மையாக்கினால் விளைவு அதைவிடக் கொடியது. 2024ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. ஆதலால், இங்கே சொல்லைத் தேர்வது நடையழகு பற்றிய செய்தி மட்டுமன்று. 'கர்ப்' என்னும் வினை எங்கிருந்து வந்தது, எவ்வெப் பொருளைச் சுமக்கிறது, தமிழில் அதற்கு ஈடான சொற்கள் எவை என்று பார்ப்பது பயனுடையது.

அதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'வளைந்த' என்னும் பொருள் தரும் 'கூர்வுஸ்' என்ற சொல்லிலிருந்து 'வளைத்தல்' என்னும் வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் 'கூர்பே' என்றாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வளைகோட்டைக் குறிக்கும் 'கர்வ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. அவ்வகையில் இரண்டும் உடன்பிறப்புகள். தொடக்க காலத்தில் இவ்வினைக்குக் கட்டுப்படுத்தல் என்ற பொருளே இல்லை. வளைதல், குனிதல், பணிதல் என்பனவே பொருள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓரிடத்தில் இச்சொல் பணிந்து குனிதல் என்னும் அந்தப் பழம்பொருளிலேயே வருகிறது.

வளைத்தல் எவ்வாறு கட்டுப்படுத்தலாயிற்று? இடையில் ஒரு குதிரை நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடிவாளத்தோடு இணைந்து குதிரையின் கீழ்த்தாடைக்கு அடியில் செல்லும் வாருக்கும் சங்கிலிக்கும் 'கர்ப்' என்ற பெயர் வழங்கத் தொடங்கியது. குதிரையின் வாய்க்குள் இருக்கும் இரும்பின் இருபுறமும் நீண்ட கைகள் இறங்கும். குதிரையேறி வாரை இழுத்ததும் அக்கைகள் நெம்புகோல்போல் சுழல, தாடைக்கு அடியிலுள்ள சங்கிலி இறுகும். குதிரை தலையைத் தாழ்த்திக் கழுத்தை வளைக்கும். கழுத்து வளைந்த குதிரையால் கண்மூடித்தனமாகப் பாய இயலாது. இங்கே குதிரையின் வலிமையை மனிதனின் வலிமை வெல்லவில்லை. வலிமையின் திசைதான் மாற்றப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லிலிருந்து வினை கிளைத்தது. முதலில் குதிரைக்கு, பின்னர்ச் சினத்துக்கும் ஆசைக்கும், இன்று விலைவாசிக்கும் கூட்டத்துக்கும் அது பொருந்திவிட்டது.

அதே சொல் வேறொரு திசையிலும் நடந்தது. கிணற்றைச் சுற்றிய கைப்பிடிச் சுவர், அடைப்புச் சட்டம் ஆகியவற்றை அது குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே பதிக்கப்படும் விளிம்புக் கல்லுக்குப் பெயராயிற்று. அமெரிக்கர் இதற்கும் பழைய எழுத்துக்கூட்டலையே கொண்டனர். பிரிட்டனிலும் இந்தியாவிலும் கல்லைக் குறிக்கையில் எழுத்துகள் சற்று மாறும், ஒலிப்பு மாறாது. நம் ஊர்க் கார் விளம்பரங்களில் காணும் 'கெர்ப் வெயிட்' என்ற தொடர், சாலையோரக் கல்லருகே ஆளின்றிச் சரக்கின்றி நிற்கும் வண்டியின் எடையைச் சொல்வது. நியூயார்க்கில் பங்குத் தரகர்கள் ஒரு காலத்தில் தெருவோரக் கல்லருகே நின்றே வணிகம் செய்தனர். 1921இல் அச்சந்தை கட்டடத்துக்குள் குடிபுகுந்த பிறகும், 1953 வரை அதன் பெயரில் 'கர்ப்' ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்புக் கல்லின் வேலையை எண்ணிப் பாருங்கள்: அது வண்டியை நிறுத்துவதில்லை, வண்டியும் நடப்பவரும் அவரவர் வழியில் போக எல்லை வகுக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்குப் பங்காளிகள் பலர். ஒவ்வொன்றும் வேறொரு செயலை நினைவில் வைத்துள்ளது. 'ரெஸ்ட்ரெய்ன்' என்பது பின்னோக்கி இழுத்துக் கட்டுதல். 'அரெஸ்ட்' என்பது நிற்கச் செய்தல். 'இம்பீட்' என்பதில் காலைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. காலுக்குத் தளையிடுதல் அதன் அடிப்படை. 'செக்' என்பதோ சதுரங்கப் பலகையிலிருந்து எழுந்து வந்தது. அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல் அதன் மூலம். 'ரெய்ன்' என்னும் கடிவாள வாரின் பெயர், பிடித்து வைத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கட்டுவது, நிற்கச் செய்வது, காலைப் பிணிப்பது, அரசனை நெருக்குவது, பிடித்து வைப்பது என இவை பலவகை. இவற்றுக்கு நடுவே வளைப்பது என்ற பொருளை வேரில் கொண்டது 'கர்ப்'. அகராதியில் இவையெல்லாம் அடுத்தடுத்து ஒருபொருட் சொற்களாக நின்றாலும், பிறப்பால் ஒன்றல்ல.

தமிழுக்கு வருவோம். குதிரைக்கு நாமும் கடிவாளம் இட்டோம். 'கடிவாளம் போடுதல்' என்ற வழக்கு இன்றும் அரசியல் மேடையில் உயிரோடிருக்கிறது. ஆனால் குதிரையைவிட நமக்கு நெருக்கமானது காளை. அதற்கு மூக்கணாங்கயிறு. வண்டியோட்டி அக்கயிற்றைக் காளையை நிறுத்துவதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. திருப்புவதற்கே பெரிதும் பயன்படுத்துகிறார். 'கடி' என்னும் பழைய உரிச்சொல்லையும் இங்கே நினைவுகூரலாம். அதற்குத் தொல்காப்பியம் தரும் பல பொருள்களில் காப்பும் ஒன்று, விரைவும் ஒன்று, அச்சமும் ஒன்று. ஓட்டமும் காவலும் ஒரே சொல்லில் இடம்பெற நம் முன்னோர்க்குத் தயக்கம் இருந்ததில்லை.

'கர்ப்' என்ற சொல்லின் வரலாற்றுக்கு அப்படியே ஈடாக நிற்கும் தமிழ்ச்சொல் ஒன்று உண்டு. அது 'மடக்கு'. கையை மடக்கு, தாளை மடக்கு என்னும்போது வளைத்தலே பொருள். ஓடும் ஆட்டை மடக்கு, தப்பியவனை மடக்கிப் பிடி என்னும்போது தடுத்துத் திருப்புதல் பொருள். வாதத்தில் எதிராளியை மடக்குதலும் அதன் நீட்சியே. செய்யுளில் சொல் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் அணிக்கும் 'மடக்கு' என்றே பெயர். வளைவிலிருந்து தடுப்புக்கு ஆங்கிலச்சொல் குதிரைமீது ஏறிச் சென்றது. தமிழ்ச்சொல் மந்தையின் பின்னால் நடந்து சென்றது. 'மறி' என்பதும் இத்தகையதே. மறிதல் என்றால் திரும்புதல், கீழ்மேலாதல்; மறித்தல் என்றால் தடுத்தல். சாலை மறியல் என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அதற்குள்ளும் திருப்பி அனுப்புதல் என்ற பழம்பொருள் உறங்குகிறது.

தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கட்டுப்படுவது யாரால் என்பதை நம் வினைகள் மெய்யெழுத்து ஒன்றை மாற்றியே காட்டிவிடும். அடங்கு, அடக்கு; மடங்கு, மடக்கு; ஒடுங்கு, ஒடுக்கு. மெல்லினம் தன்வினை, வல்லினம் பிறவினை. தானே அடங்குவது அடக்கம். திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அதற்கே உரியது, ஆமையின் உவமை அங்கேதான் வருகிறது. பிறர் அடக்குவது அடக்குமுறை. அது நற்பண்பு ஆகாது. ஆங்கிலத்தின் 'கர்ப்' இந்த வேற்றுமையைத் தன் உருவில் காட்டுவதில்லை. ஒருவர் தம் நாவை அடக்கிக்கொள்வதற்கும், அரசு ஒருவரின் நாவை அடக்குவதற்கும் அங்கே ஒரே வினைதான்.

இவ்வரிசையில் தனித்து நிற்கும் சொல் 'அணை'. குழந்தையை அணைக்கிறோம், விளக்கை அணைக்கிறோம், ஆற்றுக்கு அணை கட்டுகிறோம், தலைக்கு அணை வைத்து உறங்குகிறோம். தழுவலும் தணித்தலும் தடுத்தலும் தாங்கலும் ஒரே சொல்லில் கூடியிருப்பது வியப்புக்குரியது. தென்காசி மாவட்டத்தில் வாசுதேவநல்லூரை அடுத்த மலையடிவாரத்திலும், திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்திலும் 'தலையணை' என்று பெயர் பெற்ற இடங்கள் உள்ளன. வெளியூரார் இப்பெயரைக் கேட்டுப் புன்னகைப்பர். தலைமாட்டில் உள்ள முதல் அணை என்பதே அதன் பொருள்; ஆனால் ஆறு தலைசாய்த்துக்கொள்ளும் இடம் என்று கொண்டாலும் பிழையாகத் தோன்றாது.

அது ஏன் என்பதைச் சிற்றாற்றின் கரையில் நின்றால் அறியலாம். குற்றால மலையில் பிறந்து, பேரருவியாக வீழ்ந்து, தென்காசியைத் தொட்டு ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கட்டுகள் அமைந்துள்ளன. இவை நீரைத் தேக்கி வைக்கும் பெருஞ்சுவர்கள் அல்ல. ஆற்றின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி, ஒரு பகுதி நீரைக் கால்வாயின் பக்கம் திருப்பிவிடும் தாழ்ந்த கட்டுமானங்கள். எஞ்சிய நீர் அவற்றின் மேலேயே வழிந்து அடுத்த அணைக்கட்டை நோக்கிப் போகும். கால்வாய் நீர் குளத்தை நிரப்பும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குச் செல்லும். குளத்து நீரை வயலுக்கு விட மடை. இந்த அமைப்பு முழுவதிலும் 'நில்' என்ற ஆணை எங்குமே இல்லை; 'இப்படிப் போ' என்பதே ஆணை. லத்தீன் வேர் சொல்லும் வளைத்தல் இதுவே.

இவ்வணைக்கட்டைத்தான் ஆங்கிலேயர் கண்டு வியந்து, தமிழ்ச்சொல்லையே 'அனிகட்' என்று தம் மொழிக்கு எடுத்துச் சென்றனர். கல்லணையைப் 'பெரிய அனிகட்' என்றே எழுதினர். 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். பின்னர்க் கோதாவரியின் தவளேசுவரத்திலும் அதே முறையைப் பின்பற்றினார். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்திய அகராதியில் இச்சொல் இடம்பெற்றது. இன்று இராசத்தானத்தின் வறண்ட நிலத்தில் ஓடையின் குறுக்கே கட்டப்படும் சிறு தடுப்பணைகளையும் 'அனிகட்' என்றே அங்குள்ளவர் அழைக்கின்றனர். சிற்றாற்றங்கரைக்கு உரிய சொல் பாலைவனம்வரை சென்று பிழைக்கிறது. ஆனால் கட்டுமானத்தைப் பெயரோடு பெற்றுக்கொண்ட ஆங்கிலம், 'அணை'க்குள் இருந்த தழுவலைப் பெறவில்லை.

மனிதர் கட்டாத அணை ஒன்றும் குற்றாலத்தில் உண்டு. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவது. அவ்வளவு உயரத்திலிருந்து அத்தனை நீரும் நேராகத் தலையில் விழுந்தால் எவரும் அதன் கீழ் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாகடல் என்னும் பாறைக்குழி அதை ஏற்றுக்கொள்கிறது. அங்கே விழுந்து சுழன்று பொங்கி, வேகம் உடைந்த பிறகே நீர் கீழிறங்குகிறது. பொங்குமாகடல் அருவியைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் குற்றாலமே இல்லை. தடுக்காமல் விட்டிருந்தாலோ குளியல் இல்லை. குழந்தையும் முதியவரும் அருவியில் நிற்க முடிவது இந்த இடைநிலையால்தான். 'கர்ப்' என்ற வினைக்குப் படம் வரையச் சொன்னால் இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது.

இனி மொழிபெயர்ப்புக்கு வரலாம். 'கர்ப்' வரும் இடமெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லை வைப்பது, எல்லா விலங்குக்கும் ஒரே கயிற்றை மாட்டுவது போன்றது. சினத்தை என்றால் அடக்குதல். செலவை என்றால் சுருக்குதல். விலையேற்றத்தை என்றால் மட்டுப்படுத்துதல். நோய்ப் பரவலை என்றால் தணித்தல். கூட்டத்தை என்றால் நெறிப்படுத்துதல். எண்ணிக்கையை என்றால் வரையறுத்தல். அதிகாரத்தை என்றால் கடிவாளமிடுதல். கருத்துரிமையை என்றால் பெரும்பாலும் ஒடுக்குதல். 'கட்டுப்படுத்து' என்ற ஒன்றே இவ்வளவையும் செய்யும் என்று எழுதிப் பழகியதால், கையிருப்பில் உள்ள எட்டுச் சொற்கள் துருப்பிடிக்கின்றன.

இந்தச் சோம்பல் நடையை மட்டும் கெடுப்பதில்லை, பொறுப்பையும் மறைக்கிறது. ஊழலைக் கட்டுப்படுத்துவோம் என்ற வாக்குறுதியை எடுத்துக்கொள்வோம். ஊழல் ஒழிக்கப்படுமா, குறைக்கப்படுமா, ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்ளப்படுமா? கேட்பவர் முதலாவதை நினைத்துக்கொள்கிறார். சொன்னவர் மூன்றாவதையும் செய்து தப்பிக்கலாம். சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு உரிமைகளைத் தந்து, அவற்றுக்கு நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. பேச்சுரிமை பற்றிய பகுதியில் 'நியாயமான' என்ற அடைமொழியே 1951இல் முதல் திருத்தத்தின்போதுதான் சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடு என்பது முழுத் தடையையும் உள்ளடக்குமா என்ற கேள்வி, செம்பு வணிகம் தொடர்பான நரேந்திர குமார் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் முன் எழுந்தது. தக்க சூழ்நிலையில் அடக்கும் என்றது நீதிமன்றம். ஆனால் தடை முழுமையாகும் அளவுக்கு நியாயத்தின் சோதனையும் கடுமையாகும் என்றது. வரையறுப்பதற்கும் விலக்குவதற்கும் இடையிலுள்ள தொலைவு, ஒரு குடிமகனின் தொழிலுக்கும் பேச்சுக்கும் உள்ள தொலைவு என்பதை அவ்வழக்கு உணர்த்துகிறது.

ஆகவே நிறுத்துவதற்கு ஒரு சொல், திருப்புவதற்கு ஒரு சொல் என இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வதே முறை. 'தடை' என்பது வலிய சொல். வரிசை நீளும்போதெல்லாம், நேரம் வகுக்கும்போதெல்லாம் அதையே செலவழித்தால், உண்மையிலேயே வெள்ளம் வரும் நாளில் அதற்கு மதிப்பிராது. 'தடை என்பார்கள், சற்று நேரத்தில் விட்டுவிடுவார்கள்' என்று அருவிக்கரையில் காத்து நிற்கும் மனப்பான்மை அவ்வாறுதான் வளர்கிறது. வரிசைக்கு 'நெறிமுறை' என்போம். எண்ணிக்கைக்கு 'வரையறை' என்போம். நேரத்துக்கு 'எல்லை' என்போம். உயிர் போகும் வெள்ளத்துக்கு மட்டும் 'தடை' என்போம். அப்போது அச்சொல்லைப் படித்தவர் திரும்பிப் போவார்.

பேரருவியில் தண்ணீரின் அளவைக் காட்டும் அந்தப் பாதுகாப்பு வளைவின் பெயரிலேயே வளைவு இருக்கிறது. நீர் அதற்குள் விழும்வரை வரிசையில் நின்று குளிக்கலாம். தாண்டி விழுந்தால் குளியல் இல்லை. 'கர்ப்' எங்கே முடிந்து தடை எங்கே தொடங்குகிறது என்று குழம்பும் மொழிபெயர்ப்பாளர், குற்றாலத்துக்கு ஒருமுறை போய் அவ்வளைவைப் பார்த்து வரலாம்.